நினைவேட்டில் இணைப்பக்கம் அமைக்கும் முறை

நமது கல்லூரியிற் பயின்றோர் எவரது இல்லத்துக்குச் சென்றாலும், அலுமாரியின் மேற்றட்டிலோ பழைய துணிப்பெட்டியின் அடியிலோ ஒரு கடித உறை இருக்கக் காணலாம். வகுப்புப் படம், விடுதிப் படம், துடுப்பாட்டக் குழுவின் படம், பரிசளிப்பு விழாவிற் பரிசு பெறும் படம் எனப் பலவும் அதனுள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வீட்டுக்கு உரியவர் அவற்றை எடுத்து, விரலால் ஒவ்வொரு முகத்தையுந் தொட்டுப் பெயர் சொல்லிக் காட்டுவார். இடையிலே சில முகங்களில் விரல் நின்றுவிடும். “இவர் ஆரெண்டு இப்ப ஞாபகமில்லை” என்பார். அவர் காலத்துக்குப் பின் அவ்வுறையைத் திறப்போருக்கு ஒரு பெயருந் தெரியாது.

இக்குறை நீங்கவேண்டி, யூபிலியை முன்னிட்டு ஒவ்வோர் ஆண்டு மாணவரும் தத்தம் காலத்துப் படங்களை ஒரு பொது நினைவேட்டில் அமைத்துத் தருதல் நன்றென நண்பர் பலர் விரும்புகின்றனர். ஓர் அணிக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்கள் என்பது அவர்கள் கருத்து. அவற்றை எங்ஙனம் அமைப்பது என என்னை வினாவினோர் சிலர். யான் சித்திர ஆசிரியன் அல்லேன்; தமிழாசிரியன். எனினும் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாள் தொட்டுக் கற்பித்தற் சாதனங்களுக்காகத் தாளும் கத்தரிக்கோலும் பசையும் கையாண்டு வந்தவன். இத்துறையில் ஒரு பெரும்பிழை செய்தவனும் ஆவேன். அறிந்தவற்றையும் அப்பிழையையும் ஈண்டு எழுதுகின்றேன்.

நினைவேடு வந்த வழி

படங்களையும் குறிப்புகளையும் ஒட்டிவைக்கும் புத்தகத்தை நாம் அல்பம் என்கின்றோம். படத்தோடு பத்திரிகைத் துணுக்கு, அழைப்பிதழ், பற்றுச்சீட்டு, கையெழுத்து, அலங்காரத் தாள் என்பனவுஞ் சேருமாயின் மேனாட்டார் அதனை ஸ்கிராப் புத்தகம் என்பர். இக்கட்டுரையில் அதனை நினைவேடு எனக் குறிப்போம்.

1854 ஆம் ஆண்டு பரிஸ் நகரத்துப் படப்பிடிப்பாளர் டிஸ்டேரி என்பவர், ஒரே கண்ணாடித் தட்டிற் பல சிறு படங்களைப் பிடித்து அட்டையில் ஒட்டிக் கொடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். ஏறக்குறைய 2½ அங்குல அகலமும் 4 அங்குல உயரமுமுடைய அவ்வட்டைகள் மலிவானவை. உறவினரும் நண்பரும் அவற்றைத் தமக்குட் பரிமாறிக்கொண்டமையால், அவற்றைச் செருகிவைக்கும் அல்பங்கள் வீடுதோறுந் தோன்றலாயின. 1864 ஆம் ஆண்டு ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் தாம் பிடித்த படங்களை ஓர் அல்பமாக அமைத்து, ஜோன் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞருக்கு அன்பளிப்புச் செய்தார். அவ்வம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் நம் மலைநாட்டிலேயே காலமானவர். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெயின் 1873 ஆம் ஆண்டு, பக்கங்களிலே முன்னரே பசை தடவிய ஒட்டுப்புத்தகம் ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நீர் தொட்டு ஈரமாக்கினால் ஒட்டிக்கொள்ளும் புத்தகம் அது. 1900 ஆம் ஆண்டு ஒரு டொலர் விலையில் வெளிவந்த கொடாக் பிறவுணி என்னும் பெட்டிக் கமரா, படம் பிடித்தலைச் சிறுவரது கைக்குங் கொண்டுவந்தது.

இன்று உலகெங்கும் காணப்படும் அலங்கார நினைவேட்டுக் கலை 1980 ஆம் ஆண்டின் பின் வளர்ந்தது. அவ்வாண்டு அமெரிக்காவின் சால்ற் லேக் நகரில், குடும்ப வரலாற்றுப் பதிவுகள் பற்றிய உலக மாநாடு ஒன்று நிகழ்ந்தது. அங்கே மாரிலன் கிறிஸ்ரென்சன் என்னும் அம்மையார் தம் குடும்ப நினைவேடுகளைக் காட்சிக்கு வைத்தார். தாள் பழுதுபடாது காக்கும் முறைகளையும் அழகையும் ஒருங்கு சேர்த்த அவ்வேடுகளைக் கண்டோர் தாமும் செய்ய முற்பட்டனர். அதற்கெனவே அச்சிட்ட தாள்களும், 12 அங்குலச் சதுரமான பக்கங்களும் பின்னர் வழக்கிற்கு வந்தன.

இணைப்பக்கம் என்பது

ஏட்டைத் திறந்து மேசையில் வைத்தால் கண் ஒரு பக்கத்தை மாத்திரம் பார்ப்பதில்லை. இடமும் வலமும் ஒருசேரத் தோன்றுகின்றன. ஆதலின் அவ்விரண்டையும் தனித்தனியே அமைத்தல் தவறு. 12 அங்குலச் சதுரப் பக்கம் இரண்டு சேர்ந்து 24 அங்குல அகலமும் 12 அங்குல உயரமுமுள்ள ஒரே வெளியாகின்றன. இதனையே இணைப்பக்கம் என்கின்றோம். அவ்வளவிலான தாள் கிடையாதவிடத்து, நிமிர்த்தி வைத்த இரண்டு ஏ4 தாள்கள் போதும். அவை சேர்ந்து 420 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமுமுள்ள ஏ3 தாளின் அளவாகும்.

இரண்டு பக்கம் என்றவுடன், இடப்பக்கத்தில் நான்கு படம், வலப்பக்கத்தில் நான்கு படம் எனத் தராசுத் தட்டுப்போல அமைப்போர் பலர். அது பிழையன்று, ஆயினும் சுவையற்றது. குறள் வெண்பாவை எண்ணிப் பாருங்கள். முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். அடிகள் அளவால் ஒவ்வாதன. எனினும் பொருளால் ஒன்றாகி நிற்கின்றன. இடப்பக்கத்தில் ஒரு பெரிய படம் நிற்க, வலப்பக்கத்திற் சிறு படங்களும் எழுத்தும் நின்று அதனை நிறைவுசெய்தல் இத்தகையதே.

இரு பக்கங்களையும் ஒன்றாக்குவதற்கு எளிய வழிகள் மூன்றுண்டு. இரண்டுக்கும் ஒரே நிற அடித்தாள் இடுதல் ஒன்று. இடப்பக்கத்துத் தொடங்கும் ஒரு தாட்பட்டியை நடுமடிப்பைக் கடந்து வலப்பக்கம்வரை ஒரே உயரத்திற் செலுத்துதல் மற்றொன்று. ஓரிடத்து வந்த நிறத்தை எதிர்ப்பக்கத்திலும் சிறிதளவு வரச்செய்தல் மூன்றாவது. செய்யுளில் மோனை சீர்களைத் தொடுப்பதுபோல, மீண்டு வரும் நிறம் பக்கங்களைத் தொடுக்கும்.

நடுமடிப்பைப் பற்றி ஒரு விதி உண்டு. எம்முகமும் அம்மடிப்பில் விழலாகாது. பெரிய படமொன்றை இரு பக்கத்துக்கும் பரப்ப விரும்பின், பிரதியை இரண்டாக வெட்டி ஒட்டுதல் வேண்டும். அவ்வெட்டு இருவருக்கு இடையிலுள்ள வெளியிற் செல்லுமாறு முன்னரே அளந்துகொள்க. அத்தகைய வெளி இல்லையாயின் அப்படத்தை ஒரு பக்கத்துள் அடக்குவதே முறை. ஐம்பதுபேர் நிற்கும் படத்தில் ஒருவர் முகம் மடிப்பில் மறைந்தாற் பார்ப்போருக்கு அது சிறுபிழையாகத் தோன்றலாம். அவருடைய பிள்ளைகளுக்கு அது சிறிதன்று.

எழுவாயைத் தெரிதல்

பசையைத் திறக்குமுன் படங்கள் அனைத்தையும் மேசையிற் பரப்புக. ஒரே நிகழ்ச்சிக்கு அல்லது ஒரே பொருளுக்கு உரியவற்றை மாத்திரம் எடுத்துக்கொள்க. விடுதி வாழ்க்கை, விளையாட்டுப் போட்டி, நாடகம், சரசுவதி பூசை, பிரிவுபசாரம் ஆகிய அனைத்தையும் இரு பக்கத்துள் அடைக்க முயன்றால் ஒன்றுந் தெளிவுபடாது. ஐந்து முதல் ஏழு படங்கள் ஓர் இணைப்பக்கத்துக்குப் போதும்.

பின்னர் அவற்றுள் ஒன்றைத் தலைமைப் படமாகத் தெரிக. வாக்கியத்துக்கு எழுவாய் எங்ஙனமோ, அங்ஙனமே இணைப்பக்கத்துக்குத் தலைமைப் படம். ஏனைய படங்களுள் மிகப் பெரியதைப்போல இருமடங்கு பரப்பேனும் அதற்கு இருத்தல் நன்று. மிக அழகிய படமே தலைமை பெறவேண்டுமென்பதில்லை; பொருளை அதிகமாகச் சொல்லும் படமே தலைமைக்கு உரியது. தெளிவு குன்றியதாயினும், வேறெங்குங் காணக்கிடையாத முகங்களைக் கொண்ட படத்தையே யான் தெரிவேன்.

தமிழை இடமிருந்து வலமாக வாசிக்கும் நமது கண், ஏட்டையும் அங்ஙனமே வாசிக்கும். ஆதலின் தலைமைப் படத்தை இடப்பக்கத்தில் வைத்தல் இயல்பு. படத்தில் உள்ளவர் ஒரு திசையை நோக்குவாராயின் அவர் பார்வை ஏட்டின் உட்புறம் நோக்கி இருக்குமாறு அமைத்தல் வேண்டும். வெளியோரத்தை நோக்கும் முகம் பார்ப்பவரையும் ஏட்டுக்கு வெளியே அழைத்துச் செல்லும். இதற்காகப் படத்தைப் புரட்டி அச்சிடுதல் கூடாது. சட்டைப் பையும் துடுப்புப் பிடித்த கையும் இடம்மாறிப் பொய் சொல்லும்.

இடம் வகுத்தல்

ஓர் உதாரணத்தை அளவுகளோடு காட்டுகின்றேன். விடுதி மாணவர் குழுப்படம் ஒன்றும், அக்காலத்துச் சிறு படங்கள் மூன்றும் நம்மிடம் உள்ளன எனக் கொள்வோம். பக்கங்கள் 12 அங்குலச் சதுரம்.

குழுப்படத்தின் பிரதியை 10 அங்குல அகலமும் 8 அங்குல உயரமுமாகப் பெருப்பித்து எடுக்க. இடப்பக்கத்தில் மேலே ஓர் அங்குலம், இடமும் வலமும் ஒவ்வோர் அங்குலம் விட்டு அதனை வைக்க. வலப்பக்கத்திலும் மேலும் இருபுறமும் ஒவ்வோர் அங்குலம் விட்டால், 10 அங்குல அகலமும் 8 அங்குல உயரமுமுள்ள இடம் கிடைக்கும். அதன் வெளியோரத்தில் 4 அங்குல அகலமும் 2½ அங்குல உயரமுமான மூன்று படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, இடையிடையே கால் அங்குலம் விட்டு அடுக்குக. மூன்று படத்தின் உயரம் 7½ அங்குலம், இடைவெளி இரண்டும் அரை அங்குலம், ஆக 8 அங்குலம். தலைமைப் படத்தின் உயரத்தோடு அது சரியாக ஒத்துவிடும். சிறு படங்களுக்கும் நடுமடிப்புப் பக்க ஓரத்துக்கும் இடையே எஞ்சுவதில் அரை அங்குலம் நீக்கினால், 5½ அங்குல அகலமும் 8 அங்குல உயரமுமான இடம் பெயர்களும் குறிப்பும் எழுதுவதற்கு ஆகும். அவ்விடம் தலைமைப் படத்துக்கு அண்மையில் இருத்தலால், முகத்தைப் பார்த்துப் பெயரைத் தேடுவோருக்கு இலகுவாகும்.

கீழே, மேல்விளிம்பிலிருந்து 9½ அங்குலத்தில் தொடங்கி 11½ அங்குலம்வரை, 2 அங்குல உயரமான கோலத்தாட் பட்டியொன்றை இரு பக்கத்துக்கும் செலுத்துக. அப்பட்டியின் இடப்புறத்தில் 6 அங்குல நீளமும் ஓர் அங்குல உயரமுமான வெறுந்தாளை ஒட்டி அதிலே தலைப்பை எழுதுக.

கணக்கிட்டுப் பாருங்கள். முழுவெளி 288 சதுர அங்குலம். படங்களுக்கு 110, எழுத்துக்கு 44, கோலத்தாளுக்கு 48. எஞ்சிய 86 சதுர அங்குலமும் ஓரமாகவும் இடைவெளியாகவும் வெறுமையே. அவ்வெறுமையை வீணென்று கருதிப் பூவும் நட்சத்திரமும் ஒட்டி நிரப்பலாகாது. பேச்சில் நிறுத்தம் எதற்கோ, பக்கத்தில் வெற்றிடமும் அதற்கே.

யாவற்றையும் ஒட்டுமுன் அவற்றை இடத்தில் வைத்து, பத்தடி தூரம் சென்று பார்க்க. கைத்தொலைபேசியால் அதனை ஒருமுறை படம் பிடித்துப் பார்த்தல் இன்னும் நன்று. மேசையிற் கண்ணுக்குத் தோன்றாத கோணல் சிறுபடத்தில் உடனே தோன்றும்.

கோலத்தாள்

பூ, கொடி, கோடு, கட்டம், புள்ளி முதலியன அச்சிட்ட தாளை ஈண்டுக் கோலத்தாள் என்கின்றோம். புத்தகங் கட்டுவோர் மட்டையின் உட்புறத்தில் ஒட்டும் மாபிள் தாளும் இவ்வினத்ததே. கடைகளில் விற்கப்படும் பரிசுப்பொதித் தாள் அழகியதாயினும் மிக மெல்லியது. பசை ஊறிச் சுருங்கிவிடும். சற்றுத் தடித்த தாளே வேண்டப்படும்.

இலக்கணத்தில் அடைமொழி எத்தகையதோ, இணைப்பக்கத்தில் கோலத்தாள் அத்தகையது. அடைமொழி பெயரைச் சிறப்பிக்க வருவது. பெயரை விழுங்க வருவதன்று. எனவே கீழ்வருவன கவனிக்கத்தக்கன.

முதலாவது, நிறத்தைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்க. படத்திலுள்ள சேலைக்கரை, கொடி, மதிற்சுவர் ஆகியவற்றின் நிறமொன்று கோலத்தாளிலும் இருக்குமாயின் இரண்டும் இயல்பாகப் பொருந்தும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் காலத்தாற் சிறிது பழுப்பேறியிருக்கும். அவற்றுக்குச் சந்தனம், இளம்பச்சை, மங்கிய நீலம் போன்ற அடங்கிய நிறங்கள் ஏற்றன. பளிச்சிடும் வெள்ளைத் தாளில் வைத்தால் அவை அழுக்குப் படிந்தனபோலத் தோன்றும்.

இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட கோலங்களைக் கையாளின் அவற்றின் அளவு வேறுபடுதல் வேண்டும். பெரிய பூவுள்ள தாளொன்று, நடுத்தரக் கோடுள்ள தாளொன்று, சிறு புள்ளியுள்ள தாளொன்று என மூன்று போதும். மூன்றிலும் பொதுவான நிறமொன்று இருத்தல் அவசியம். பெரிய பூக்கோலத்தைச் சிறு துண்டாக வெட்டினால் அது பூவென்றே தெரியாது. அகன்ற இடத்துக்கு அதனையும், ஒடுங்கிய பட்டிக்குச் சிறு கோலத்தையும் பயன்படுத்துக.

மூன்றாவது, கோலத்தின்மேற் படத்தை நேரே ஒட்டலாகாது. பின்னணியின் பூக்களுக்குள் முகங்கள் மறைந்துபோம். படத்தைச் சுற்றிலும் கால் அங்குலமோ அதனிற் குறைந்தோ வெளியே தெரியுமாறு ஒற்றை நிறத் தாளொன்றை இடையில் வைத்தால், அது வரம்புபோல் நின்று படத்தைப் பிரித்துக் காட்டும்.

நான்காவது, கோடுகளின் திசையை நோக்குக. கிடைக்கோடு கண்ணை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நடத்திச் செல்லும். ஆதலின் நடுமடிப்பைக் கடக்கும் பட்டிக்கு அது சிறந்தது. பெரிய பூக்கோலத்தை மடிப்பின் இருபுறமும் பொருத்துதல் கடினம். அரைப்பூ மேலும் அரைப்பூ கீழுமாக நிற்பின், ஒன்றாக்கவேண்டிய பட்டியே பக்கங்களைப் பிரித்துவிடும்.

யான் செய்த பிழை

இவ்விதிகளுட் பெரும்பாலானவற்றை நூலறிவாற் பெறலாம். இனிக் கூறப்போவதை யான் என் கையாற் கற்றேன்.

2005 ஆம் ஆண்டளவில், ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், கண்காட்சியொன்றுக்குக் கல்லூரியின் பழைய படங்களை அமைக்கும் பணி எனக்குக் கிடைத்தது. 1950களில் எடுக்கப்பட்ட விடுதிக் குழுப்படம் ஒன்று அவற்றுள் இருந்தது. அழகிய கொடிக்கோலத் தாள் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் நடுவில் முட்டை வடிவான வெற்றிடம். அவ்வெற்றிடத்துக்குப் பொருந்துமாறு படத்தையே கத்தரித்தேன். நடுவிலிருந்த அதிபரும் விடுதிப் பொறுப்பாளரும் மாணவரும் அழகாக அமைந்தனர். இருபுறத்து ஓரங்களும் குப்பைக் கூடைக்குச் சென்றன. கண்டோர் யாவரும் பாராட்டினர், யானும் மகிழ்ந்தேன்.

போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டின் பின் ஒருநாள், நடுத்தர வயதினரான பெண்ணொருவர் கல்லூரிக்கு வந்தார். அவருடைய தாயின் தந்தையார் நம் விடுதியிற் பல்லாண்டு சமையல் வேலை செய்தவர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரைவிட்டு வெளியேறியபோது அவர்கள் குடும்பமும் வெளியேறிற்று. திரும்பி வந்தபோது வீட்டிற் சுவர்களே எஞ்சின. “மாஸ்ரர், அம்மப்பாவின்ரை படம் எங்களிட்டை ஒண்டுமில்லை. விடுதிப் படத்திலை அவரும் நிண்டவரெண்டு அம்மா சொல்லுவா. ஒருக்காப் பாக்கலாமோ?” என்றார்.

யான் அப்படத்தை எடுத்துக் கொடுத்தேன். வலப்புறத்து வளைவில், கத்தரித்த விளிம்புக்கு உட்பட்டு, ஒரு தோளின் சிறுபாகமும் அதன்மேற் கிடந்த சால்வையின் கரையும் இருந்தன. முகம் இல்லை. அவர் நெடுநேரம் அச்சால்வைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. படத்தைத் திருப்பித் தந்து, நன்றி கூறிச் சென்றார்.

அன்றுமுதல் யான் கைக்கொண்டுவரும் விதி ஒன்று: மூலப்படத்தில் கத்தரிக்கோல் படலாகாது. நினைவேட்டில் வைப்பது பிரதியாகவே இருத்தல் வேண்டும். வருடிப்பொறியில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் அளவிற் படத்தைப் பதிவுசெய்தால், பெருப்பித்து எடுப்பதற்கும் போதிய தெளிவிருக்கும். பிரதியை வேண்டியவாறு வெட்டுக. ஆயினும் குழுப்படமாயின் பிரதியையும் ஓரம் வெட்டாது முழுமையாகவே வைக்க. படம் பெரிதாயின் கோலத்தாளைக் குறைக்கலாம். எவரையுங் குறைத்தல் ஆகாது.

எழுத்து

எழுவாய் நின்று பயனிலை வராதவிடத்து வாக்கியம் முடிவதில்லை. படம் நின்று எழுத்து வராத பக்கமும் முடிவுறாதது. எவர், எப்போது, எங்கே, எதற்காக என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை அதிலிருத்தல் வேண்டும். “மறக்கமுடியாத நாட்கள்” எனத் தலைப்பிட்டுப் பெயரெழுதாது விட்ட பக்கங்கள் பலவற்றைக் கண்டுள்ளேன். அந்நாட்கள் முற்றாக மறக்கப்பட்டிருந்தன.

பெயர்களை வரிசை வரிசையாக, இடமிருந்து வலம் என்று குறித்து எழுதுக. முன்வரிசையில் இருப்போர், நடுவரிசையில் நிற்போர், பின்வரிசையில் நிற்போர் என வகுத்துக் கொள்க. முதலெழுத்தையும் ஊரையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். ஒரே பெயருடையார் மூவர் ஒரு வகுப்பில் இருத்தல் நம்மிடையே வழக்கம். பெயர் தெரியாதவர்க்குரிய இடத்தை விட்டுவிடாது, “பெயர் அறியப்படவில்லை” என எழுதி வெற்றுக்கோடு இடுக. பின்னர் வருபவர் அதனை நிரப்புவர். கல்லூரி மணியடித்தவர், விடுதியிற் சமைத்தவர், பூங்கன்றுக்கு நீர் வார்த்தவர் ஆகியோர் படத்தில் இருப்பின் அவர்கள் பெயரும் அதே அளவு எழுத்தில் இடம்பெறுதல் முறை.

தட்டச்சு எழுத்து ஒழுங்கானது. எனினும் ஒரு பந்தியேனும் கையெழுத்தாக இருத்தல் நன்று. கையெழுத்தும் ஒருவகை உருவப்படமே. சாயம் கரையாத, நீர் பட்டால் ஊறாத மைப்பேனாவைப் பயன்படுத்துக. மூலப்படத்தின் பின்புறத்திற் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறத்தில் தழும்பு தோன்றும். ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுக.

காத்தல்

செய்த ஏடு நீடித்து நில்லாவிடின் பயனில்லை. மரக்கூழிலுள்ள இலிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாத தாள், காலப்போக்கில் மஞ்சளித்து நொறுங்கும். பத்திரிகைத் தாள் அத்தகையது. ஆதலின் பத்திரிகைத் துணுக்கை நேரே ஒட்டாது, நல்ல தாளில் அதன் பிரதியை எடுத்து ஒட்டுக. அமிலமும் இலிக்னினும் அற்றதெனக் குறிக்கப்பட்ட தாளையே அடித்தாளாகக் கொள்க.

1970களிலும் 1980களிலும் நம் வீடுகளுக்குப் பெருவாரியாக வந்த அல்பங்கள், பசைக்கோடிட்ட மட்டையும் அதன்மேல் மூடும் பிளாத்திக்குத் தாளும் உடையவை. திருமணப் படங்கள் பல அவற்றுள்ளேயே உள்ளன. அப்பசை நாளடைவில் இறுகிப் படத்தை விடாது, மூடுதாள் பி.வி.சி. எனப்படும் பொருளாலானதாயின், அது சிதைந்து ஐதரோகுளோரிக்கமில ஆவியை வெளிவிட்டுப் படத்தையும் கெடுக்கும். அத்தகைய அல்பம் இருப்பின், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் பிடித்துக்கொள்க. பின்னர் மெல்லிய நூலைப் படத்தின் கீழ்ச் செலுத்தி, மெல்ல அறுப்பதுபோல் இழுத்துப் பிரிக்க முயல்க. வாராவிடின் வலிந்து பிடுங்கலாகாது. புதிய ஏட்டின் மேலுறைகள் பொலிபுரோப்பிலீன் அல்லது பொலியெசுத்தர் என்பவற்றாலானவையாக இருக்கட்டும்.

மூலப்படமே ஏட்டில் இடம்பெற வேண்டுமாயின் அதிற் பசை தடவற்க. நான்கு மூலையிலும் தாளாலான மூலைப்பிடிகளை ஒட்டி அவற்றுட் செருகினால், வேண்டியபோது எடுக்கலாம். ஒட்டுநாடா மஞ்சளித்துக் கறையிடும். மாப்பசை இராமபாணப் பூச்சியை அழைக்கும். கறையானுக்கும் ஈரத்துக்கும் அஞ்சி, ஏட்டைச் சுவரோடும் நிலத்தோடும் சேராது, காற்றோட்டமுள்ள தட்டிற் கிடையாக வைக்க. நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சணம் விரைவிற் பிடிக்கும். ஆண்டுக்கு இருமுறையேனும் வெயிலில்லாத உலர்ந்த நாளில் ஏட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுதல் நன்மை தரும். திறந்து பார்க்கப்படும் ஏடே காக்கப்படும் ஏடாகும்.

ஒரு வேண்டுகோள்

பழைய மாணவர்களே, உங்கள் பக்கங்களை அமைக்கத் தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு மூத்த மாணவர் ஒருவரிடம் படத்தைக் கொண்டு செல்லுங்கள்; அவர் தூர தேசத்தில் இருப்பின் பிரதியை அனுப்பித் தொலைபேசியிற் கேளுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் அவர் சொல்லும் பெயரை உடனே எழுதிக்கொள்ளுங்கள். கோலத்தாளை அடுத்த மாதமும் வாங்கலாம். பெயர்களைக் கேட்டறிதல் பின்போடத்தக்கதன்று.

யானும் ஓர் இணைப்பக்கம் அமைத்து வருகின்றேன். கத்தரிக்கப்பட்ட அவ்விடுதிப் படமே அதன் தலைமைப் படம். அதன் வலப்புறத்தை மறைக்கக் கோலத்தாள் எதுவும் இடவில்லை. வெட்டிய விளிம்பு வெளியே தெரியவே வைத்துள்ளேன். பெயர்வரிசையில், கடைசியாக, விடுதிச் சமையற்காரரின் பெயரை அவருடைய பேர்த்தியாரிடம் கேட்டறிந்து எழுதியுள்ளேன். அவர் நின்ற இடத்துக்கு நேரே, படத்தின் ஓரத்தில், வெறுந்தாளாக ஓர் இடம் விட்டிருக்கின்றேன்.

அக்காலத்திற் குழுப்படம் எடுத்தால் விரும்பிய மாணவர் ஒவ்வொரு பிரதி விலைகொடுத்து வாங்குதல் வழக்கம். ஆதலின் அப்படத்தின் வேறொரு பிரதி, கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ யாரேனும் ஒருவர் வீட்டு அலுமாரியில், கடித உறையொன்றுள் இன்னும் இருத்தல் கூடும். 1950களில் விடுதியில் இருந்தோரும் அவர்தம் மக்களும் தயைகூர்ந்து தேடிப் பாருங்கள். மூலத்தை அனுப்பவேண்டியதில்லை, நல்ல பிரதி ஒன்று போதும். ஓரங்களை மாத்திரம் வெட்டாது அனுப்புங்கள்.